பலூனுக்கு அடியில் ஒரு ஸ்டவ்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹிமாச்சலில் ஒரு மலை நடைக்காகச் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் ஏறப் போனேன். பையில் பெட்ரோலில் எரியும் சின்ன ஸ்டவ், அதற்கான அலுமினிய பாட்டில். பாட்டிலை முந்தின நாள் ராத்திரியே கவிழ்த்துக் காலி பண்ணி, மூடியை இறுக்கித் திருகி வைத்திருந்தேன். பையை ஸ்கேன் செய்த இடத்தில் கூப்பிட்டார்கள்.

"காலி பாட்டில் சார். ஒரு சொட்டு கூட இல்ல."

அந்த அதிகாரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "சொட்டு இல்ல. வாசனை இருக்கே. வாசனைதான் சார் பிரச்சனை."

பாட்டிலும் ஸ்டவ்வும் அங்கேயே தங்கிவிட்டன. கோபத்தோடுதான் விமானம் ஏறினேன். ஊருக்குத் திரும்பி உட்கார்ந்து படித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. அப்படிப் படித்துக்கொண்டே போனவன் கடைசியில் 1897-ல் போய் நின்றேன். ஸ்டவ்வோடு வானத்தில் பறந்த மூன்று பேரின் கதை அங்கே கிடைத்தது.

முதலில் அந்த வாசனையைப் பற்றி. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி வெளியேறும். முழுக்க நிரம்பிய பாட்டிலுக்குள் காற்றுக்கு இடமில்லை. காலி பாட்டிலுக்குள் இரண்டும் இருக்கும். மூடியை இறுக்கி வைத்ததில் நான் செய்தது, அந்தக் கலவையைப் பத்திரமாக அடைத்து வைத்ததுதான்!

இதற்கு ஐயாட்டா அமைப்பின் விதியே இருக்கிறது. எரிபொருளை முழுவதும் வடித்து, குறைந்தது 1 மணி நேரம் வடியவிட்டு, பிறகு 6 மணி நேரமாவது மூடியில்லாமல் திறந்து வைக்க வேண்டும். அல்லது சமையல் எண்ணெய் ஊற்றிக் கொட்டலாம். மிச்சமிருக்கும் பெட்ரோல் எண்ணெயில் கலந்து, சட்டென்று தீப்பிடிக்காத பதத்துக்கு வந்துவிடும். அதற்கப்புறம் மூடி, ஈரம் உறிஞ்சும் காகிதத்தில் சுற்றி, பாலிதீன் பைக்குள் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு விமான நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் போகும். கேஸ் கேனிஸ்டருக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

இனி 1897.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1892-ல், ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்பவர் ப்ரைமஸ் ஸ்டவ்வைக் கொண்டுவந்தார். நம் வீடுகளில் பம்ப் ஸ்டவ் என்று சொன்னோமே, அதேதான். பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய். பம்ப் அடித்தால் அழுத்தத்தில் எண்ணெய் மேலே ஏறி, சூடான குழாயில் ஆவியாகி, நீலமாக எரியும். திரி இல்லை, கரி இல்லை. துருவப் பயணிகள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். பனிப்பாலைவனத்தில் விறகு கிடையாது. சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் குடிக்க முடியாது, உருக்க வேண்டும். ஸ்டவ் அணைந்தால் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் போயிற்று.

ஸ்வீடன்காரரான எஞ்சினியர் சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்தைக் கடந்துவிடலாம் என்று நம்பினார். ஆல்ஃபிரட் நோபலும் ஸ்வீடன் அரசரும் பணம் கொடுத்தார்கள். பாரிஸில் பட்டுத் துணியில் தைத்த பலூன், கொள்ளளவு ஏறக்குறைய 4,800 கன மீட்டர். ஏர்னென் என்று பெயர், கழுகு என்று அர்த்தம்.

இப்போது அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாள் கணக்கில் பறக்க வேண்டும், சூடாக ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். தலைக்கு மேலே இருப்பதோ ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் வாயு. அதுவும் பலூன் லட்சக்கணக்கான தையல் ஓட்டைகள் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. 1896-ல் நடந்த முதல் முயற்சியில் கூட இருந்த நில்ஸ் எக்ஹோம் அந்தக் கசிவை அளந்து பார்த்துவிட்டு, இது சரிவராது என்று விலகிவிட்டார். நான் கொண்டுபோனது ஒரு பாட்டில் வாசனை. இவர்கள் ஏறிய வண்டியே எரிபொருள்.

அதற்கு ஆந்த்ரேயின் நண்பர் ஒருவர் வழி கண்டுபிடித்தார். ப்ரைமஸ்ஸைக் கொஞ்சம் மாற்றியமைத்து, கூடைக்கு 8 மீட்டர் கீழே தொங்கவிட்டுவிடுவது. மேலேயிருந்தபடியே பற்றவைக்க வேண்டும். தீ பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஸ்டவ்வோடு சாய்வாக ஒரு கண்ணாடியைப் பொருத்தினார்கள். குனிந்து கண்ணாடியைப் பார்த்தால் சுடர் தெரியும். பயத்துக்கு மரியாதை கொடுத்துச் செய்த ஏற்பாடு என்று தோன்றுகிறது எனக்கு. பலூனின் கசிவுக்கும் இதே மரியாதையைக் கொடுத்திருந்தால் அவர்கள் கிளம்பியே இருக்க மாட்டார்கள்.

1897 ஜூலை 11 அன்று ஸ்வால்பார்டின் டேன்ஸ் தீவிலிருந்து கிளம்பினார்கள். ஆந்த்ரே, புகைப்படக்காரர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், க்னூட் ஃபிரெங்கெல். ஸ்ட்ரிண்ட்பெர்குக்கு வயது 24, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பலூனில் பனி படிந்து கனம் ஏறியது. கூடை பனிக்கட்டியில் மோதி மோதி, ஜூலை 14 அன்று ஒரேயடியாக இறங்கிவிட்டது. அங்கிருந்து ஸ்லெட்ஜ் இழுத்து நடை. அவர்கள் நடந்த திசைக்கு எதிராகக் காலுக்குக் கீழே பனிக்கட்டியே மிதந்து போய்க்கொண்டிருந்தது. கரடி சுட்டுச் சாப்பிட்டு, அக்டோபர் முதல் வாரத்தில் வெள்ளைத் தீவில் கரையேறினார்கள். அதோடு நாட்குறிப்பு நின்றுவிட்டது.

33 வருஷம் ஒரு தகவலும் இல்லை. 1930 ஆகஸ்டில் பிராட்வாக் என்ற நார்வே கப்பலில் வந்தவர்கள் அந்த முகாமைக் கண்டுபிடித்தார்கள். ஸ்ட்ரிண்ட்பெர்கைப் பாறை இடுக்கில் வைத்துக் கல் மூடியிருந்தார்கள். மற்ற இருவரையும் புதைக்க ஆளில்லை. துணி இருந்தது, தோட்டா இருந்தது. ப்ரைமஸ்ஸில் மண்ணெண்ணெய் மிச்சமிருந்தது. பம்ப் அடித்தபோது பர்னரிலிருந்து எண்ணெய் பொடித்தூறலாகப் பீய்ச்சியது.

அப்படியானால் எதனால் செத்தார்கள்? கரடிக் கறியில் வந்த ஒட்டுண்ணி, உணவு நஞ்சு, கரடி தாக்கியது, மார்ஃபின் என்று இன்றுவரை பல ஊகங்கள். துருவ ஆய்வாளர் ஸ்டெஃபான்சன் கைகாட்டியது ஸ்டவ்வைத்தான். பனி மூடிய கூடாரத்துக்குள் ப்ரைமஸ் எரிந்து, கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்து, தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றார்.

எரியவிட்டுச் செத்திருந்தால் எண்ணெய் தீர்ந்திருக்குமே, மிச்சம் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்கலாம். பம்ப் ஸ்டவ்வில் சமைத்த வீட்டுக்காரர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். நடுநடுவே பம்ப் அடிக்காவிட்டால் அழுத்தம் இறங்கிச் சுடர் தானாக அடங்கிவிடும், தொட்டியில் எண்ணெய் அப்படியே இருக்கும். எனவே எண்ணெய் மிஞ்சியதை வைத்து ஸ்டவ்வைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நிரபராதி என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டெஃபான்சன் சொன்னதே சரியென்றாலும், அது மூன்று பேருக்கும் பொருந்தாது. ஸ்ட்ரிண்ட்பெர்கை அடக்கம் செய்யும்போது மற்றவர்கள் உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

ஸ்டவ் எரிந்ததால் ஆபத்து என்றால், எரிய எண்ணெய் இல்லாததும் ஆபத்துதான். 1912-ல் தென் துருவத்திலிருந்து திரும்பிய ஸ்காட்டின் குழு, வழியில் புதைத்து வைத்திருந்த டின்களைத் திறந்து பார்த்தால் மண்ணெண்ணெய் குறைந்திருந்தது. மூடியில் இருந்த தோல் வாஷர் கடுங்குளிரில் சரியாக அடைக்காமல், எண்ணெய் கசிந்து ஆவியாகிப் போயிருந்தது. அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடியிருந்தார். ஸ்காட் இறந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அடுத்த கிடங்கிலிருந்து வெறும் 20 கிலோமீட்டர் தூரத்தில், புயலில் மாட்டிய கூடாரத்துக்குள் எண்ணெய் தீர்ந்து கிடந்தது என்பதை மறக்க முடியவில்லை.

இதையெல்லாம் படித்த பிறகு எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அம்மாவின் பழைய பம்ப் ஸ்டவ்வை இறக்கினேன். கேஸ் வந்ததிலிருந்து அங்கேதான் கிடந்தது. சின்ன வயதில் அம்மா பின் போட்டுக் குத்தும்போதெல்லாம் எங்களை, "தள்ளிப் போங்கடா, வெடிச்சிடப் போவுது" என்று வாசலுக்கு விரட்டுவார். அவர் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பம்ப் அடித்துப் பார்த்தேன். காற்றே ஏறவில்லை.

"உள்ள வாஷர் காஞ்சிருக்கும்டா. தோல்தானே. நாலு சொட்டு தேங்காயெண்ணெய் விடு" என்றார் அம்மா.

விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் நின்றது. பற்றவைக்கவில்லை. மலைக்குப் போகும்போது இப்போதெல்லாம் அடிவாரத்தில் ஸ்டவ்வை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே வைத்துத்தான் சமையல்.