கிளட்சின் வரலாறும் ஆயுளும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கப் புகுவோர் தவறாது கேட்கும் கேள்விகள் சில உண்டு. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை கை மாறியது, டயர் எப்பொழுது மாற்றப்பட்டது என்பவற்றோடு, "கம்பெனியில் பொருத்திய கிளட்ச்தானா? இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும்?" என்பதும் அவற்றுள் ஒன்று. கேட்பவர் ஓர் எண்ணை எதிர்பார்க்கின்றார். விற்பவரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகின்றார். 50,000 கிலோமீட்டர் என்பாரும் உளர். 2 இலட்சம் என்பாரும் உளர். இருவர் கூற்றும் சிலவிடத்து மெய்யாகிவிடுவதுதான் வியப்பு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பெற்ற இரண்டு தட்டுகளுள் ஒன்று 30,000 கிலோமீட்டரில் ஓய்ந்துபோக, மற்றொன்று ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியும் உழைப்பது எதனால்? இவ்வினாவுக்கு விடை காண, அத்தட்டு தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதுவே.

முதலில், கிளட்ச் எதற்காக வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே பாரத்தை இழுக்கவல்லது. ஆவியை உள்ளே விட்டால் உந்துதண்டு உடனே தள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த ஆற்றல் இல்லை. அது தானே ஒரு குறிப்பிட்ட வேகத்திற் சுழன்றுகொண்டிருந்தாலன்றிப் பிறிதொன்றைச் சுழற்றாது. ஆதலின், சுழன்றுகொண்டிருக்கும் எஞ்சினையும் அசையாது நிற்கும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல உறவாக்கிவைக்க நடுவர் ஒருவர் வேண்டியதாயிற்று. அந்த நடுவரே கிளட்ச். தமிழில் இதனை உரசிணைப்பி என்பர். உரசி இணைப்பது என்னும் பொருளில் அமைந்த அப்பெயருக்குள்ளேயே அதன் தொழிலும் இருக்கிறது. அதன் முடிவும் இருக்கிறது. உரசாமல் இணைக்க வழியில்லை. உரசினால் தேயாமலிருக்க வழியில்லை.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்று நாம் காணும் கிளட்ச் கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு வார்ப்பட்டை ஓடியது. அப்பட்டையை, வெறுமனே சுழலும் கப்பியிலிருந்து அச்சோடு பிணைந்த கப்பிக்கு நெம்புகோலால் தள்ளினால் வண்டி நகரும். நம் நாட்டு மாவு ஆலைகளில் இதே முறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பென்ஸின் மனைவியார் பெர்த்தா, தம் இரு மைந்தர்களையும் உடன்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் அவ்வகை வண்டியிலேயே சென்றார். வழியில் தடைக்கட்டைகள் தேய்ந்துபோக, சக்கிலியர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மீது தோல் அடித்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார் என்பர். உரசித் தேயும் உறுப்புக்குத் தனியே ஒரு மேலுறை வேண்டும். தேய்ந்தால் உறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்னும் பாடம் அந்தப் பயணத்தில் இருக்கிறது. பிற்காலக் கிளட்சின் அடிப்படையும் அதுவேயாகும்.

பிரான்சு நாட்டில் எமில் லெவாசோர் 1891ஆம் ஆண்டளவில், எஞ்சினை வண்டியின் முன்புறத்தில் வைத்து, அதன் பின்னே கிளட்ச், அதன் பின்னே பற்சக்கரப் பெட்டி, கடைசியாகப் பின்சக்கரம் என்ற ஒழுங்கை ஏற்படுத்தினார். பல ஆண்டுகள் வரை உலகின் கார்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கையே பின்பற்றின. அக்காலக் கிளட்ச் கூம்பு வடிவானது. ஒரு கிண்ணத்துக்குள் மற்றொரு கிண்ணத்தைச் செருகினாற்போல, எஞ்சின் முனையிலுள்ள கனத்த சக்கரத்தின் குழிவுக்குள் தோல் போர்த்த கூம்பு சென்று பற்றிக்கொள்ளும். தோல் உயிருள்ள பொருளைப் போன்றது. காய்ந்தால் முரட்டுத்தனமாகக் கவ்வி வண்டியைக் குதிக்க வைக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும். ஆகவே காய்ந்தபோது விளக்கெண்ணெய் தடவியும், வழுக்கும்போது எண்ணெய் உறிஞ்சும் மண்பொடி தூவியும் ஓட்டுநர்கள் அதனைப் பேணினார்கள். குதிரையைத் தேய்த்துவிட்டு வளர்த்த கைகளுக்கு அது புதிய வேலையாகத் தோன்றியிராது.

இந்தத் தொல்லையைப் போக்க, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பேராசிரியராயிருந்த ஹென்றி ஹீல்-ஷா என்னும் பொறியியலறிஞர் வேறொரு வழி கண்டார். ஒரே பரப்பில் உரசலைச் சுமத்தாமல், பல உலோகத் தட்டுகளை அடுக்கி எண்ணெயில் மூழ்கவைத்து, உரசலைப் பகிர்ந்து கொடுத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஹீல்-ஷா கிளட்ச் பெயர் பெற்று விளங்கியது. மென்மையாகப் பற்றும் என்ற புகழ் அதற்கு இருந்தது. ஆயினும், குளிர்காலக் காலையில் எண்ணெய் இறுகித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, மிதியை அழுத்தியும் கியர் விழாது.

மீண்டும் எளிமையை நாடியவர்களே இறுதியில் வென்றார்கள். இரு உலோக முகங்களுக்கிடையே ஒரே ஒரு தட்டு. எண்ணெய் அறவே கூடாது. பின்னாலிருந்து விற்சுருள்கள் அழுத்தும். இவ்வளவே. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து மொலீன் நகரில் தோன்றிய போர்க் - பெக் நிறுவனம் இந்த உலர்ந்த ஒற்றைத் தட்டு முறையைப் பரப்பியவற்றுள் முதன்மையானது. 1928ஆம் ஆண்டில் அது போர்க் - வார்னர் நிறுவனத்தோடு இணைந்தது. ஆனால், எண்ணெயின் குளிர்ச்சி இல்லாத இடத்தில் வெப்பத்தைத் தாங்கும் உறை எது? தோல் கருகும், பருத்தி நெசவும் கருகும்.

விடை இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியிலிருந்து வந்தது. ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர், செங்குத்தான பாதைகளில் இறங்கும் குதிரைவண்டிக்காரர்கள் பழைய செருப்புத்தோலைத் தடைக்கட்டையில் மாட்டுவதைக் கண்டு, 1897ஆம் ஆண்டிலேயே உரசற்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினார். நெய்த பருத்தியைப் பசைப்பொருளில் ஊறவைத்துப் பார்த்த பின்னர், 1908ஆம் ஆண்டில் கல்நாரைக் கையாண்டார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றியமைத்துத் துணைவியார் எலிசபெத்தின் பெயரிலிருந்து ஓரெழுத்தும் சேர்த்து, 'ஃபெரோடோ' என்று தம் பொருளுக்குப் பெயரிட்டார். கல்நார் நெருப்புக்கு அஞ்சாது; நூலாக நூற்கலாம்; பிசினோடு சேர்த்து அழுத்தினால் உறுதியான வளையமாகும். கிளட்சின் ஆயுள் பன்மடங்கு நீண்டது.

அந்த நீண்ட ஆயுளுக்கு விலை கொடுத்தவர்கள் வண்டி ஓட்டியவர்கள் அல்லர். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி 1924ஆம் ஆண்டில் 33 வயதில் உயிர்நீத்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக், கல்நார்த் தூசி படிந்து அது இறுகிப்போயிருந்ததைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதே ஆண்டு எழுதினார். 1930ஆம் ஆண்டில் மெரிவெதர், பிரைஸ் இருவரும் அளித்த அறிக்கையின் பயனாக, மறு ஆண்டே பிரிட்டன் கல்நார்த் தொழிற்சாலைகளுக்குத் தூசித் தடுப்பு விதிகளை வகுத்தது. அவ்விதிகள் உற்பத்திசாலையோடு நின்றன. தேய்ந்த கிளட்சைப் பிரித்து, உள்ளே படிந்த தூசியைக் காற்றுக்குழாயாலும் வாயாலும் ஊதித் தள்ளிய பட்டறைத் தொழிலாளிக்கு அவை எட்டவில்லை. பிரிட்டன் 1999இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் கல்நாரை முற்றாக விலக்கின. இப்பொழுது கண்ணாடி இழை, அரமிட் இழை, செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஆகியவற்றைப் பிசினிற் பிணைத்துத் தட்டுக்கு உறையிடுகின்றனர். தீங்கு அறியப்பட்டதற்கும் விலக்கப்பட்டதற்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன என்பதை, ஒரு தட்டு எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிடும் நாம் மறத்தல் ஆகாது. மிகப் பழைய வண்டியின் கிளட்சைப் பிரிக்கும்போது இன்றும் தூசியை ஊதலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே முறை.

உறைப்பொருளோடு வில்லும் மாறியது. சுற்றிலும் பல விற்சுருள்களை வைத்து அழுத்திய பழைய அமைப்பில், தட்டு தேயத்தேய விற்கள் தளர்ந்து நீளும், அழுத்தம் குறையும், உறை எஞ்சியிருக்கும்போதே வழுக்கல் தொடங்கிவிடும். 1930களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் வட்டத் தட்டு வடிவான ஒற்றை வில் இடம்பெறத் தொடங்கியது. ஜெர்மனியின் பூல் நகரில் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற லுக் நிறுவனம் ஐரோப்பாவில் அதனைப் பரப்பியது. தட்டு தேயும்போது இவ்வில்லின் அழுத்தம் குறைவதற்கு மாறாக முதலிற் சிறிது கூடும். ஆகவே உறை ஏறத்தாழத் தீரும் வரை பிடி தளராது. கிளட்சின் ஆயுளை நீட்டியதில் உறைக்கு நிகரான பங்கு இவ்வில்லுக்கு உண்டு.

இத்தனை அறிஞர் உழைத்தும், தேயக்கூடிய உறையின் கனம் பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே தறையாணித் தலைகள் எதிரேயுள்ள சக்கரத்தின் முகத்தைக் கீறத் தொடங்கிவிடும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. இங்கே ஊரும் எறும்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம். நகர நெரிசலில் ஒரு வண்டி கிலோமீட்டருக்கு இருமுறை நின்று கிளம்புவதாகக் கொண்டால், 1 இலட்சம் கிலோமீட்டரில் 2 இலட்சம் தடவை கிளம்பும். நெடுஞ்சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிளம்பும் வண்டியோ, அதே தூரத்தில் 10,000 தடவைதான் கிளம்பும். தூரம் ஒன்றே, உழைப்பு இருபது மடங்கு வேறு.

கிளம்பும் முறையிலும் வேறுபாடு உண்டு. மாணவர்க்கு இயக்க ஆற்றலைப் பற்றிப் பாடம் நடத்தியபோதெல்லாம் இந்த உதாரணத்தை நான் கரும்பலகையில் எழுதியதுண்டு. எஞ்சின் ஒரே வேகத்திற் சுழல, சமதரையில் நின்ற வண்டி அதற்கு ஈடாக வரும்வரையில், எஞ்சின் தரும் ஆற்றலிற் சரிபாதி வண்டியின் ஓட்டமாகும். மறுபாதி கிளட்சில் வெப்பமாகும். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள வண்டி முதற்கியரில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் முழுப்பிடிக்கு வருமாயின், அவ்வெப்பம் ஏறத்தாழ 3,900 ஜூல். அதே எஞ்சின் வேகத்தில் இரண்டாங்கியரிற் கிளப்பி 18 கிலோமீட்டரில் பிடிக்குமாயின் 12,500 ஜூல். அதாவது மும்மடங்குக்கும் மேல். பத்துக்கு ஒன்று என்னும் சரிவில், தடையைப் போடாமல் கிளட்சைப் பாதி விட்டே வண்டியை நிறுத்தி வைப்பாரும் உளர். முதற்கியரில் 10 கிலோமீட்டருக்குரிய வேகத்தில் எஞ்சின் சுழன்றுகொண்டிருப்பின், ஒவ்வொரு விநாடியும் 2,700 ஜூல் வெப்பம் எழும். அரை நிமிடக் காத்திருப்பு இருபது தடவை கிளம்பியதற்குச் சமம். வண்டியோ ஓர் அடியும் நகரவில்லை. மீட்டரில் ஓர் எண்ணும் ஏறவில்லை.

இனி, வாங்குவோரின் கேள்விக்கு வருவோம். நிதானமான கையில், பெரும்பாலும் நெடுவழி ஓடிய வண்டியில், கம்பெனி கிளட்ச் ஒன்றரை இலட்சம் கிலோமீட்டரையும் கடப்பதுண்டு. நகரத்தில் மட்டும் ஓடியதாயின் அதிற் பாதியை எதிர்பார்ப்பது நேர்மையான கணக்கு. ஓட்டக் கற்பிக்கும் பள்ளி வண்டியாயின் அதனினும் குறைவு. ஆகவே, மீட்டரைப் பார்ப்பதோடு, வண்டி எந்த ஊரில், யார் கையில், எவ்வகைப் பாதையில் ஓடியது என்றும் கேளுங்கள். பின்னர் ஓட்டிப் பாருங்கள். உயர்ந்த கியரில் ஏற்றமான பாதையில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வண்டியின் வேகம் கூடவில்லையானால், தட்டு வழுக்குகிறது என்று பொருள். மிதியை விடும்போது கடைசி மட்டத்தில்தான் வண்டி நகருமாயின் தேய்மானத்தை ஐயுறலாம். மிதியை அழுத்தினால் மட்டும் எழும் சீறலொலி, கிளட்சை விடுவிக்கும் பேரிங்கின் முறையீடு. எஞ்சினின் பின்பக்கம் எண்ணெய்க் கசிவு தென்பட்டால், புதுத் தட்டும் அங்கே நெடுநாள் வாழாது. புதுத் தட்டு போடுங்காலும், அது உரசும் சக்கர முகத்தின் வெப்பத் தழும்புகளைப் பாராமல் போடலாகாது.

ஒரு பட்டறையில், பிரித்த தட்டு ஒன்றை என் கையிற் கொடுத்து, "ஐயா, இதைப் பார்த்தால் ஓட்டினவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்" என்றார் அங்கிருந்த முதிய மெக்கானிக். ஒருபுறம் நீலம் பாய்ந்து வெந்திருந்த அத்தட்டு 40,000 கிலோமீட்டரும் ஓடவில்லை. அவர் சொன்னதில் மிகையில்லை. பழைய வண்டியை வாங்குபவர் இரும்பையும் கண்ணாடியையும் மட்டும் வாங்குவதில்லை. முன்னவருடைய இடக்காலின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகின்றார். எஞ்சியிருக்கும் உறை இனி எத்தனை நாள் தாங்கும் என்பதோ, அவருடைய காலைப் பொறுத்தது. மிதியின்மேற் காலை ஓய்வாக வைத்திராமலும், நிற்குமிடத்திற் கியரை விடுவித்தும், சரிவிற் கைத்தடையைப் போட்டும் ஓட்டுபவர்க்கு, அந்த ஒரு மில்லிமீட்டர் நெடுந்தூரம் வரும்.