மேலமாசி வீதி 251ஏ: காந்தி சட்டையைத் துறந்த வீடு!

மதுரை ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி மீனாட்சி அம்மன் கோயில் பக்கமா நடந்தா, மேலமாசி வீதி வந்துடும். அங்கே 251ஏ என்ற கதவு எண் கொண்ட பழைய மாடி வீட்டை, கதர்க் கடைதானேன்னு தாண்டிப் போயிடாதீங்க. 1921 செப்டம்பர் 22 காலையில் குல்லா, சட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முழங்காலளவு துணியோடு காந்தி வெளியே வந்தது இந்த வீட்டிலிருந்துதான்.

அடிமை ஒழிப்புக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை 1834-ல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. ஆனா, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேணுமே! அதற்காக வந்ததுதான் ஒப்பந்தக் கூலி முறை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூட்டம் 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் போனது. ஐந்து வருஷ ஒப்பந்தம். நடுவில் முதலாளியை விட்டுப் போனால் ஜெயில்!

1894-ல் டர்பனில் வக்கீலாக இருந்த காந்தியிடம் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தலைத்துணி கையில். வெள்ளைக்காரர்களைப் பார்க்கப் போனால் அதைக் கழற்றியே ஆகணும் என்பது அங்கே எழுதப்படாத விதி. முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. வழக்கு நடந்தது, பாலசுந்தரம் வேறு முதலாளியிடம் மாற்றப்பட்டார். அதன்பிறகு கூலித் தொழிலாளர்கள் காந்தியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1917-ல் நிறுத்தப்பட்டது.

நான்கு வருஷம் கழித்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது, சக பயணிகளிடம் கதர் உடுத்தச் சொன்னார் காந்தி. ‘அவ்வளவு விலை கொடுக்க எங்களால முடியாது’ என்பதுதான் பதில். அவர் மட்டும் முழு உடையில் இருந்தது உறுத்தியது. டர்பனில் ஒரு கூலிக்குத் தலைத்துணியைத் திரும்பக் கட்டச் சொன்னவர், மதுரையில் தன் உடையைக் குறைத்துக்கொண்டார். அக்டோபர் 31 வரைக்கும்தான் என்று ஆரம்பித்தது, கடைசிவரை தொடர்ந்தது. 1931-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கும் அதே உடைதான்.

மேலமாசி வீதியைப் பார்த்துட்டு, அப்படியே தமுக்கம் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வாங்க. ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி மியூசியத்தில், அவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. மதுரையில் எடுத்த முடிவு எதுவரை போனதுன்னு அங்கே தெரியும்.