மதுரையும் அணியும் மணமும்

நறுமணத்தை உடலில் அணிந்து உள்ளத்தை ஒருமுகப்படுத்தும் கருவிகளைப் பற்றி இந்நாளில் பேசப்படுகிறது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஊடக ஆய்வுக்கூடத்தார் ‘எசென்ஸ்’ என்னும் கழுத்தணியை அறிமுகப்படுத்தினர். கைபேசியின் கட்டளைக்கு இணங்க, வேண்டிய இடைவெளியில் அது மணத்தை வெளிவிடும். கருவி புதிது, ஆனால் மணத்தை அணியும் வழக்கம் மதுரைக்குப் புதிதன்று. எந்த மணத்தை, எப்போது, எவ்வளவு அணிவது என்பதை அந்நகரத்தார் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். மாணவ நண்பர்களுக்கு அதனையே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் நெடுஞ்செழியனது தலைநகரைக் காட்டுவது. அதன் கடைத்தெருவில் மாலை விற்போரும், பல பொருள்களைக் கூட்டி இடித்த சுண்ணப்பொடி விற்போரும் வருகின்றனர். மணப்பொருள் அன்று அரண்மனையோடு நின்றுவிடவில்லை. கடையிலே விலைக்குக் கிடைத்தது.

அப்பாண்டியனைப் பற்றியதாகவே கருதப்படும் நெடுநல்வாடை இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. கூதிர்க்காலம் வந்ததும் சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக்கல்லும் பயனின்றிக் கிடக்கின்றன. மகளிர் மாலை சூடாமல் சில மலர்களையே கூந்தலில் வைக்கின்றனர்; அகிற்புகையைக் கூந்தலுக்கு ஊட்டுகின்றனர். வெயிலுக்குக் குளிர்ந்த சாந்து, வாடைக்கு வெம்மையான புகை! பருவம் மாறினால் மணமும், அதனை அணியும் முறையும் மாற வேண்டும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

மதுரை மல்லியை எடுத்துக்கொள்வோம். 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மலர் இது. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் உழவர்கள் பொழுது விடியுமுன் இதன் மொட்டுகளைப் பறிக்கின்றனர். பறித்த பின்னும் மொட்டு உயிர்ப்போடு இருந்து, மாலையில் விரிந்து மணத்தைப் புதிதாகச் சுரக்கிறது. நனைத்த வாழைநாரில் தொடுத்தால் ஈரம் காக்கப்படுகிறது. இதற்கு விசை வேண்டியதில்லை. மலரே தன் பொழுதை அறியும். மறுநாள் வாடியதும் மணமும் ஓய்ந்துவிடுகிறது.

இந்த ஓய்வு இன்றியமையாதது. ஒரே மணத்தை இடைவிடாது நுகர்ந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதனை உணராது போகும். உணரவில்லையே என்று அளவைக் கூட்டுவோருக்குத் தலைவலியும், அருகிலிருப்போருக்குத் துன்பமுமே மிஞ்சும். மணத்தை ஏற்கும் உணர்விகளைக் குறித்து 1991இல் ஆய்வு வெளியிட்ட ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. மல்லிகை மணத்திலும் உள்ள லினலூல் என்னும் பொருள் சுண்டெலிகளின் அச்சத்தைத் தணித்ததாகவும், மோப்பம் இழந்த எலிகளிடம் அப்பயன் காணப்படவில்லை என்றும் 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். இவை நம்பிக்கை தரும் செய்திகளே. ஆயினும் எலியின் அச்சம் வேறு; தேர்வு எழுதும் மாணவரின் மனம் வேறு.

மிகைப்பட நம்புவதால் விளையும் கேட்டுக்கு ஐரோப்பிய வரலாறு சான்று பகரும். கொள்ளைநோய் தீய காற்றால் பரவுகிறது என்று கருதி, அங்குள்ளோர் மணப்பொருள் அடைத்த உருண்டைகளைக் கழுத்திலும் இடையிலும் அணிந்தனர். மணம் அவர்களைக் காக்கவில்லை. நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பதை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தார். காப்பாகாத ஒன்றைக் காப்பென நம்பினோர், உண்மைக் காவலைத் தேடாதிருந்தனர்.

நாளை இத்தகைய கருவிகளை வடிவமைக்கப் போகிறவர்கள் உங்களில் சிலராகவும் இருக்கலாம். அவர்கள் மூன்றை மறவாதிருக்க வேண்டும்: பருவத்துக்கு ஏற்ற மணம், இடையிடையே ஓய்வு, பக்கத்திலிருப்பவரின் மூச்சுக்கும் மதிப்பு. மனம் ஒருமைப்பட உறக்கமும் உழைப்பும் வேண்டும். மணம் அவற்றுக்குத் துணையாகலாமேயன்றி ஈடாகாது. சந்தனக்கல்லை எடுத்து வைக்க வேண்டிய காலத்தை அறிந்திருந்த மதுரை மகளிரிடம் புதிய கருவியைச் செய்வோர் கற்க வேண்டியது இந்த அளவறிதலையே.