சிலாங்கூரில் வாடகை வீடு: எந்த மாவட்டத்தில் யாருக்குக் கட்டுப்படியாகும்?

சிலாங்கூர் நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாநிலம். 2020 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 70 லட்சம் பேர் இங்கு வாழ்கின்றனர். 2022 குடும்ப வருமான ஆய்வு, இம்மாநிலத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தை மாதம் 9,983 வெள்ளி எனக் காட்டியது. நாடு முழுமைக்குமான இடைநிலை வருமானம் 6,338 வெள்ளி மட்டுமே. இந்த எண்களைப் பார்ப்பவர்கள் சிலாங்கூர்வாசிகளுக்கு வீட்டுப் பிரச்சினை இருக்காது என்று எண்ணக்கூடும். ஆனால், தொழிற்சாலை, பாதுகாவல், துப்புரவு, லோரி ஓட்டுநர் வேலைகளில் இருக்கும் குடும்பங்களின் நிலை வேறு.

சம்பளமும் வாடகையும்

குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. இ.பி.எப்., சொக்சோ பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500 வெள்ளி. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல். அதன்படி ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பம் 510 வெள்ளி வரை வாடகை கொடுக்கலாம். கணவன், மனைவி இருவரும் இந்தச் சம்பளத்தில் வேலை செய்தால் 1,020 வெள்ளி வரை கொடுக்கலாம்.

சொந்த வீட்டுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. வீட்டின் விலை ஆண்டு வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் அது கட்டுப்படியாகும் வீடு. இருவரும் 1,700 வெள்ளி சம்பாதிக்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 40,800 வெள்ளி. அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை 122,400 வெள்ளி. மலிவு விலை வீடு என விற்கப்படும் 250,000 வெள்ளி வீடு அவர்களின் ஆண்டு வருமானத்தைப் போல் ஆறு மடங்கைத் தாண்டுகிறது. பலர் விரும்பாமலேயே வாடகைக்காரர்களாக நீடிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒன்பது மாவட்டங்கள், ஒன்பது நிலைமைகள்

பெட்டாலிங் மாவட்டத்தில் பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, பூச்சோங், ஷா ஆலாமின் பெரும்பகுதி ஆகியவை அடங்கும். வேலையும் ரயில் வசதியும் இங்குதான் அதிகம், வாடகையும் அப்படியே. ரயில் நிலையத்திற்கு அருகிலுள்ள அடுக்குமாடி வீட்டு வாடகை பொதுவாக ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். குறைந்த வருமானக் குடும்பங்கள் பழைய மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழ்கின்றன, அல்லது அறைகளை வாடகைக்கு எடுக்கின்றன.

கிள்ளான் மாவட்டம் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதி. துறைமுகம், காப்பார், மேரு தொழிற்பேட்டைகள் வேலை தருகின்றன. தாமான்களில் உள்ள பழைய வரிசை வீடுகள் பெட்டாலிங் ஜெயாவைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் ஏறும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாடகை குறைவு என்று சொல்லும் வீட்டில் வெள்ளம் ஏறியதுண்டா என்பதை அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

கோம்பாக், உலு லங்காட் மாவட்டங்கள் தலைநகருக்கு வேலைக்குச் செல்வோரின் இருப்பிடம். பத்துமலை, செலாயாங், அம்பாங் பக்கம் வாடகை கூடுதல். ரவாங், செமினி, பெரானாங் பக்கம் போகப் போகக் குறையும். காஜாங் வரை எம்.ஆர்.டி. வந்தபின் நிலையத்தை ஒட்டிய வீடுகளுக்குத் தேவை கூடியது.

சிப்பாங்கில் வாடகையை நிர்ணயிப்பது விமான நிலையமும் சைபர்ஜெயாவும்தான். சாலாக் திங்கி, டெங்கில் பக்கம் விமான நிலையத் தொழிலாளர்கள் பலர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

கோல லங்காட், கோல சிலாங்கூர் மாவட்டங்கள் செம்பனை பூமி. பந்திங், தெலுக் பங்ளிமா காராங், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களில் வாடகை குறைவு. புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக மாணவர்களின் தேவை வாடகையைச் சற்று உயர்த்துகிறது. சபாக் பெர்ணம் நெல் வயல்களின் மாவட்டம். வீடு மலிவு, சம்பள வேலையோ அதைவிட அரிது.

உலு சிலாங்கூரின் கதை தனி. 1990-களில் பெரிய அளவில் கட்டப்பட்ட புக்கிட் பெருந்தோங், புக்கிட் செந்தோசா வட்டாரங்களில் 1997-98 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. இன்றும் சில நூறு வெள்ளிக்கு அங்கு வீடு கிடைக்கிறது.

தொலைவும் ஒரு செலவு

வாடகை மலிவான இடத்துக்குப் போகும்முன் பயணச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். புக்கிட் பெருந்தோங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு ஒரு வழி 50 கிலோமீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 2,200 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, லிட்டர் 2 வெள்ளி கணக்கில் எண்ணெய்ச் செலவு மட்டும் ஏறக்குறைய 290 வெள்ளி. டோல், டயர், பழுதுபார்ப்பு தனி. வாடகையில் 300 வெள்ளி மிச்சம் பிடிப்பவர் உண்மையில் எதையும் மிச்சப்படுத்தவில்லை. தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுக கொமுட்டர் தடத்தில் செரண்டா, பத்தாங் காலி, ராசா நிலையங்களுக்கு அருகில் வீடு தேடினால் இந்தக் கணக்கு மாறும். மாதம் 50 வெள்ளிப் பயண அட்டை எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., ரேபிட் பேருந்துகளுக்குத்தான். கொமுட்டருக்கு அது செல்லாது.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள்

வாடகைச் சுமை தோட்டக் குடும்பங்களுக்குப் புதிது. தோட்டத்தில் வேலை இருந்தவரை வீடும் இருந்தது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்துள்ளது. தோட்டம் மேம்பாட்டுக்குப் போனபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. உலு சிலாங்கூரில் நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, மிஞ்ஞாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக நடத்திய போராட்டம் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது.

வாடகைக்கு எடுக்கும்போது

பொதுவான வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், அரை மாத நீர் மின்சார முன்பணம், முதல் மாத வாடகை ஆகியவற்றை ஒன்றாகச் செலுத்த வேண்டும். 1,000 வெள்ளி வீட்டுக்கு 3,500 வெள்ளி கையில் இருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி முத்திரை வரி. இந்த வீட்டுக்கு அது 48 வெள்ளி. முத்திரையிடாத ஒப்பந்தத்தை வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது.

குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லாததால், “இந்தியர்களுக்கு இல்லை” என்று விளம்பரம் செய்யும் உரிமையாளரைத் தடுக்க நேரடி வழியில்லை. சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு வாடகை ரசீது, முதலாளியின் கடிதம் ஆகியவற்றோடு செல்வது சிலரின் தயக்கத்தைப் போக்க உதவும். ஆனால், நேர்மையாக வாடகை கட்டும் குடும்பம் இனத்தின் பெயரால் திருப்பி அனுப்பப்படுவதற்கு ஆவணங்கள் மட்டும் தீர்வாகாது.

இருக்கும் பாதுகாப்புகளையாவது அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின்னும் வீட்டில் இருப்பவரை நீதிமன்ற உத்தரவின்றி வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை. இது 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் உள்ளது. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கை வழக்கறிஞர் இல்லாமலேயே தொடுக்கலாம். வீட்டுக்குள் நுழையும் நாளில் சுவர், கூரை, குழாய் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்தால் அந்த வழக்கில் கைகொடுக்கும்.

அரசுத் திட்டங்கள்

பி.பி.ஆர். மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வழக்கமான வாடகை 124 வெள்ளி. காலியிடம் கிடைப்பதுதான் கடினம். மாநில அரசின் ‘ஸ்மார்ட் சேவா’ திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர், செலுத்திய வாடகையில் 30 விழுக்காட்டைப் பின்னர் திரும்பப் பெற்று வீடு வாங்க முன்பணமாக்கலாம். ‘ருமா சிலாங்கூர்கூ’ வீடுகளுக்கு மாநில வீடமைப்பு, சொத்து வாரியத்தில் பதிய வேண்டும். அவ்வீடு குடியிருக்கவே தவிர வாடகைக்கு விட அல்ல. சம்பளச் சீட்டு இல்லாத லோரி ஓட்டுநர், சிறு வணிகர், உணவு விநியோகிப்பாளர் ஆகியோருக்கு எஸ்.ஜே.கே.பி. கடன் உத்தரவாதத் திட்டம் உண்டு. இ.பி.எப். சேமிப்பில் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம்.

இவற்றுக்குப் பதிய அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.பி.எப். அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். வீடு மாறினாலோ கைப்பேசி எண் மாறினாலோ விண்ணப்பத்திலும் மாற்ற வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அழைப்பு வரும்போது அது பழைய முகவரிக்குப் போய்விடக் கூடாது.