2006 லெபனான் போரின் அரசியல் விளைவுகள்

2006 லெபனான் போர் என்பது இஸ்ரேல் அரசுக்கும், லெபனானில் அரசியல் கட்சியாகவும் ஆயுதப் படையாகவும் இயங்கும் ஷியா அமைப்பான ஹிஸ்புல்லாவுக்கும் இடையே 34 நாள்கள் நடந்த போராகும். ஜூலை 12 அன்று எல்லை தாண்டிய ஹிஸ்புல்லாவினர் இஸ்ரேலிய வீரர் இருவரைப் பிடித்துச் சென்றதால் மூண்ட இப்போர், ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1701ஆம் தீர்மானத்தின்படி ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தப்பட்டது. லெபனானில் ஏறத்தாழ 1,200 பேரும் இஸ்ரேலில் ஏறத்தாழ 160 பேரும் உயிரிழந்தனர். இஸ்ரேலில் பதவியில் இருந்தோரைப் பாதித்த இப்போர், அதில் ஒரு தரப்பாக இராத லெபனான் அரசின் அதிகாரத்தையே நலிவுறச் செய்தது.

இஸ்ரேலில்

வீரர்களை மீட்பது, ஹிஸ்புல்லாவின் ராக்கெட் வலிமையை ஒழிப்பது ஆகிய நோக்கங்கள் ஈடேறாமையால் எழுந்த கண்டனத்தை அடுத்து, அரசு வினோகிராட் விசாரணை ஆணையத்தை அமைத்தது. படைத் தலைமைத் தளபதி டான் ஹலூட்ஸ் 2007 ஜனவரியில் பதவி விலகினார். ஏப்ரலில் வெளிவந்த இடைக்கால அறிக்கை அவரையும் பிரதமர் எகூத் ஒல்மெர்ட்டையும் பாதுகாப்பு அமைச்சர் அமீர் பெரெட்ஸையும் கடுமையாகக் குறைகூறியது. கட்சித் தலைமையை இழந்த பெரெட்ஸ் ஜூனில் அமைச்சகத்தை விட்டு நீங்கினார். 2000இல் இஸ்ரேல் விலகிச்சென்ற பகுதியிலேயே ஹிஸ்புல்லா வலுப்பெற்றிருந்ததைப் போர் காட்டிவிட்டதால், மேற்குக் கரையின் பெரும்பகுதியிலிருந்து தன்னிச்சையாக வெளியேறும் ஒல்மெர்ட்டின் திட்டமும் கைவிடப்பட்டது.

லெபனானில்

லித்தானி ஆற்றுக்குத் தெற்கே அரசுப் படையும் ஐ.நா. படையும் தவிர வேறு ஆயுதப் படை இருத்தலாகாது எனத் தீர்மானம் விதித்தபடி லெபனான் இராணுவம் தெற்கே சென்றபோதிலும், ஹிஸ்புல்லாவின் ஆயுதங்கள் களையப்படவில்லை. ஹிஸ்புல்லாவும் அதன் கூட்டாளிகளும் அமைச்சரவையில் கோரிய கூடுதல் இடமும், முன்னாள் பிரதமர் ஹரீரி கொலையை விசாரிக்கும் பன்னாட்டுத் தீர்ப்பாயமும் பூசலுக்குரியனவாக, 2006 நவம்பரில் ஷியா அமைச்சர்கள் பதவி விலகினர். அதிகாரம் சமயப் பிரிவுகளிடையே பங்கிடப்படும் அந்நாட்டில், ஒரு பிரிவு விலகிய அமைச்சரவை முறையானதன்று என்பது ஹிஸ்புல்லா உள்ளிட்ட எதிரணியின் வாதமாக இருந்தது.

2008 மே மாதத்தில் ஹிஸ்புல்லாவின் தனித் தொலைபேசி வலையமைப்பைச் சட்டவிரோதமென அமைச்சரவை அறிவித்தபோது, அவ்வமைப்பின் படையினரும் கூட்டாளிகளும் மேற்கு பெய்ரூட்டைக் கைப்பற்ற, அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது. தொடர்ந்து ஏற்பட்ட தோஹா உடன்பாடு 30 அமைச்சர் பதவிகளில் 11ஐ எதிரணிக்கு வழங்கியது. முக்கிய முடிவுகளுக்கு அமைச்சரவையில் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும் என்பதால், அந்த 11 இடங்கள் தடுப்பதிகாரமாக அமைந்து, ஆயுதக் களைவு குறித்த எந்த முடிவும் ஹிஸ்புல்லா தரப்பின் இசைவின்றி நிறைவேற இயலாத நிலையை உருவாக்கின.