ஹூக்கின் நிழற்கடிகாரமும் மஸ்டாங்கின் நடுக்கமும்

1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங், இன்று பழங்கார் ஆர்வலர்கள் பெரிதும் போற்றும் வண்டிகளுள் ஒன்று. அந்நாளில் விற்றவற்றுள் பல சி-4 என்னும் மூன்று வேகத் தானியங்கிக் கியர்பாக்ஸுடன் வந்தவை. அதை இறக்கிவிட்டு, 1983 முதல் புதிய மஸ்டாங்குகளில் இடம்பெற்ற டி-5 என்னும் ஐந்து கியர்ப் பெட்டியை ஏற்றுவது அமெரிக்காவில் பரவலான வழக்கம். ஐந்தாம் கியரில் என்ஜின் நிதானமாகச் சுழலும், நெடும்பயணம் இனிக்கும். ஆனால் பல வார உழைப்புக்குப் பின் வண்டி சாலைக்கு வரும் முதல் நாளிலேயே, மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்குகையில் இருக்கை நடுங்கத் தொடங்குவதும், பின்னோக்குக் கண்ணாடியில் வரும் வண்டி இரண்டாகத் தெரிவதும் அதே அளவுக்குப் பரவலானவை. உரிமையாளர் டயர்களை மாற்றுவார், தண்டைச் சமன்செய்து வாங்கிவருவார், நடுக்கம் போகாது. பொறுமையிழந்து வண்டியையே விற்றுவிடுவோரும் உண்டு.

இலக்கியம் பேசும் இடத்தில் பட்டறைச் செய்தி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த நடுக்கத்துக்கு மூன்றரை நூற்றாண்டு எழுத்து வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பிழையான வாக்கியமும் இருக்கிறது. அந்தப் பிழை இன்றும் கார்களின் அடியில் மீண்டும் மீண்டும் செய்யப்படுகிறது என்பதே நாம் இதை எடுத்துக்கொள்ளக் காரணம்.

கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்வது நீண்ட உருளைத் தண்டு. பின்னச்சு மேலும் கீழும் ஆடுவதால், தண்டின் இரு முனையிலும் வளைந்துகொடுக்கும் இணைப்பு வேண்டும். இரண்டு கவைகள், அவற்றுக்கிடையே ஒரு சிலுவை: நம்மூர்ப் பட்டறைகளில் 'கிராஸ்' என்றாலே புரிந்துகொள்வார்கள். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதை இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரால் அழைக்கின்றனர். கார்டானோ விவரித்தது விளக்கையோ திசைகாட்டியையோ சாயாமல் தாங்கும் வளையங்களைத்தான். அவ்வளையங்களும் அவருக்கு முற்பட்டவை, கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்தியத்து ஃபிலோ, எப்பக்கம் கவிழ்த்தாலும் சிந்தாத மைக்கூட்டுக்கு அவற்றைக் குறிப்பிட்டுவிட்டார். பெயர் சூட்டுவதில் வரலாறு என்றுமே நீதியாக நடந்துகொண்டதில்லை.

1664இல் ஜெர்மன் நாட்டு இயேசு சபைத் துறவி காஸ்பர் ஷாட் தம் நூலொன்றில் இவ்விணைப்பை விவரித்தார். ஒரு தண்டு சீராகச் சுழன்றால் மற்றதும் அவ்வாறே சீராகச் சுழலும் என்று அவர் கருதினார். கண்ணால் பார்ப்பவர் எவரும் அப்படித்தான் சொல்வர். முழுச் சுற்றுக்கு முழுச் சுற்று கணக்குச் சரியாகவே இருக்கிறது. பிழை சுற்றுக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தவர் லண்டனின் ராபர்ட் ஹூக். அவர் 1667க்கும் 1675க்கும் இடையில் இவ்விணைப்பை ஆராய்ந்தார். இரு தண்டுகளும் ஒரு கோணத்தில் சாய்ந்திருந்தால், இரண்டாவது தண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும் என்று அறிந்தார். நாம் வியப்பது அடுத்த செய்தியை: ஹூக் இதைக் குறையாகக் கருதவில்லை. கிடைமட்டமாக அமைந்த நிழற்கடிகாரத்தில் நிழல் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. லண்டனின் அட்சரேகையில் நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் அது 12 டிகிரி நகர்ந்தால், மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் 19 டிகிரி நகரும். அந்த ஏற்றத்தாழ்வும் சாய்ந்த இணைப்பின் ஏற்றத்தாழ்வும் ஒரே கணித விதிக்கு உட்பட்டவை. சீரான கடிகாரச் சுழற்சியை நிழலின் நடையாக மாற்ற ஹூக்குக்கு ஒரு கருவி கிடைத்துவிட்டது! சீரான சுழற்சி வேண்டுமெனில், நடுத்தண்டின் இரு முனையிலும் இணைப்பை வைத்து ஒன்றின் கோணலை மற்றொன்றால் நேர்செய்யலாம் என்ற தீர்வையும் 1683இல் அவரே முன்வைத்தார்.

1898இல் லூயி ரெனோ தம் சிறு காரில் சங்கிலிக்குப் பதில் தண்டைப் பொருத்தினார். 1903இல் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர் கார்களுக்கேற்ற இணைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அன்றுமுதல் ஹூக்கின் இரட்டை இணைப்பு சாலைகளுக்கு வந்துவிட்டது. அதன் நிபந்தனையும் கூடவே வந்தது. கியர்பாக்ஸின் அச்சுக்கோடும் பின்னச்சின் பினியன் கோடும் இணையாக இருக்கவேண்டும். அப்போதுதான் இரு முனைக் கோணங்களும் சமமாகி, ஒன்றின் தவறை மற்றொன்று விழுங்கும். தொழிற்சாலை அதைச் சரியாக அமைத்தே அனுப்பியது. புதிய கியர்பாக்ஸுக்காகத் தாங்கு சட்டத்தை மாற்றும்போது வால்முனை ஒரு சென்டிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ அச்சமநிலை குலைந்துவிடும். ஏற்றத்தாழ்வோ கோணத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது: 3 டிகிரி 6 ஆனால் நான்கு மடங்கு. தண்டை மட்டும் சமன்செய்து மாட்டுபவர், தம்மை அறியாமலே ஷாட்டின் வாக்கியத்தை நம்புகிறார்.

எல்லா நடுக்கமும் தண்டினுடையதன்று. ஃபோர்டின் பழைய 289, 302 வி-8 என்ஜின்களில் கிராங்கின் சமநிலையில் ஒரு பகுதி பிளைவீலிலும் முன்புறச் சக்கரத்திலும் வேண்டுமென்றே வைக்கப்பட்ட கூடுதல் எடையைச் சார்ந்தது. 1980களின் தொடக்கம் வரை அதன் அளவு 28 அவுன்ஸ்-அங்குலம். பிறகு வந்த 302களில் 50. துளைகள் ஒத்திருப்பதால், டி-5 பெட்டியோடு கிடைத்த பிற்காலப் பிளைவீல் முற்கால என்ஜினில் மறுப்பின்றிப் பொருந்திவிடும். அந்த 22 அவுன்ஸ்-அங்குல வேறுபாடு நிமிடத்துக்கு 750 சுற்றில் 10 கிலோ எடைக்கு ஈடாக இழுக்கும். 3000 சுற்றில் ஏறத்தாழ 160 கிலோவாகும். இதை ஓட்டிப் பழகிவிடலாம் என்று எண்ணுவது கிராங்கின் பேரிங்குகளுக்கு இழைக்கும் கொடுமை.

ஆகவே நோயறிதலில் முதற்கேள்வி, நடுக்கம் எதன் தாளத்தைப் பின்பற்றுகிறது என்பதே. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை முடுக்கினாலே நடுங்கினால், குற்றம் பிளைவீல் பக்கம். கிளட்ச்சை மிதித்ததும் மாறினால், கிளட்ச் தட்டையும் கியர்பாக்ஸின் உள்தண்டையும் ஐயுறலாம். ஓடும்போது மட்டும் என்றால், நடுக்கம் தோன்றும் அதே வேகத்தில் நான்காம் கியரிலிருந்து ஐந்துக்கு மாற்றிப் பார்க்கவேண்டும். என்ஜினின் சுழற்சி மூன்றில் ஒரு பங்கு குறையும், தண்டினுடையது மாறாது. நடுக்கமும் மாறாவிடில் அதன் இருப்பிடம் கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். பிறகு எண்ணிக்கை. 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும். பின்னச்சு விகிதம் 2.80 எனில் தண்டு 39 முறை. நடுக்கம் 14 என்றால் டயரும் விளிம்பும். 39 என்றால் தண்டின் சமநிலை. 78 என்றால் ஹூக் சொன்ன அந்த 'சுற்றுக்கு இருமுறை'. இதை அளக்க இன்று கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியே போதும்.

ஐந்தாம் கியர் கிடைத்த மகிழ்ச்சியில் பின்னச்சு விகிதத்தையும் 3.55க்கு மாற்றுவோர் உண்டு. அவர்களது தண்டு அதே சாலை வேகத்தில் 39க்குப் பதில் 49 முறை சுழல்கிறது. தொழிற்சாலையிலிருந்தே இருந்த சிறு குறை 60 விழுக்காடு மிகுந்த விசையோடு இப்போதுதான் வெளிப்படுகிறது. பழி புதிய கியர்பாக்ஸின் மேல் விழுகிறது.

கோணமே காரணம் என்று உறுதியானால் செலவு சிறிது. கியர்பாக்ஸின் தாங்கியடியில் சில மில்லிமீட்டர் தகடு வைத்து வால்முனையை உயர்த்தலாம். அல்லது பின்னச்சுக்கும் பட்டைவில்லுக்கும் இடையே இரண்டு டிகிரி ஆப்பு ஒன்றைச் செருகலாம். கோணமானியை வைத்து இரு கோடுகளும் இணையாகும் வரை பார்க்கவேண்டும். ஆனால் இணைப்பின் கோணத்தை முற்றிலும் பூச்சியமாக்கிவிடக்கூடாது. அரை டிகிரியேனும் சாய்வு இருந்தால்தான் சிலுவையின் ஊசி உருளைகள் உருண்டு கொடுக்கும். இல்லையேல் நின்ற இடத்திலேயே குழி பறித்துவிடும்.