மலைமேல உக்காந்து மீன் சுடுறது எப்படி?

தாண்டிக்குடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன்: ஒரு சம்பந்தமும் இல்லை. இங்க மிளகு, காப்பி, ஆரஞ்சு, மலைவாழை. மீன் வேணும்னா வத்தலக்குண்டுல இருந்து ஐஸ் பெட்டியில ஏறி வரணும். ஊர்ச்சாமி மட்டும் வேல் பிடிச்சவர். முருகன் இங்கிருந்து தாண்டிக் குதிச்சுப் பழனிக்குப் போனதாலதான் ஊருக்கு இந்தப் பேருன்னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கும் ஈட்டிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

இப்படி இருக்கறவன்கிட்ட மஸ்கட்ல வேலை பாக்கற அக்கா மகன் ஒரு கேள்வி அனுப்பினான். "மாமா, ஸ்பியர்கன் வாங்கப் போறேன். 75 சென்டிமீட்டரா, 90ஆ, 110ஆ? ரப்பரா, காத்தா? லீவுக்கு வரும்போது தூத்துக்குடிப் பக்கமும் அப்படியே திரிகோணமலைப் பக்கமும் போய் ஒரு கை பாக்கலாம்னு பிளான்." நான் கிணத்துல நீச்சல் கத்துக்கிட்ட ஆளு. ஆனா வரலாறுன்னா விடமாட்டேன்ல :-) தோண்டத் தோண்ட ஒரு விஷயம் தெளிவாச்சு. இந்தத் துப்பாக்கியோட கதை உண்மையில துப்பாக்கியோட கதையே இல்லை. கண்ணாடியோட கதை.

நம்ம பக்கத்துல இருந்தே ஆரம்பிப்போம். குறுந்தொகை 304ஆம் பாட்டுல 'எறியுளி'ன்னு ஒரு ஆயுதம் வருது. காய்ஞ்ச மூங்கில் காம்புல கூரான இரும்பு முனையைச் செருகி, திமில்ல நிக்கற பரதவர் கொம்புள்ள பெரிய மீன் மேல எறியறாங்க. எறிஞ்சு இழுக்கற வேகத்தையும் புலவர் விடாம சொல்றார். முனை, தண்டு, வேகம்னு இன்னைக்கு மஸ்கட் கடையில விக்கற சாமானோட அம்சம் எல்லாம் அப்பவே இருக்கு. இரும்புக்கும் அந்தக் காலத்துல பஞ்சமில்லை. கடலே தெரியாத எங்க தாண்டிக்குடியிலகூட பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிறைய இருக்கு. பேராசிரியர் கா. ராஜன் இங்க அகழாய்வு பண்ணியிருக்கார். மலை மேல ஏறின இரும்பு கடற்கரைக்குப் போகாம இருந்திருக்குமா?

ஆனா எறியுளி மேல இருந்து கீழ எறியறது. எறியறவன் கண்ணு தண்ணிக்கு வெளிய இருக்கு. மீன் மேல வந்தாத்தான் வேட்டை.

சரி, தண்ணிக்குள்ளயே போன நம்ம ஆளுங்க? மன்னார் வளைகுடாவுல முத்துக்குளிச்சவங்க, சங்கு குளிச்சவங்களை விட மூச்சடக்கத் தெரிஞ்சவங்க உலகத்துல ரொம்பக் கம்பி. கால்ல கல்லைக் கட்டி, படகுல ஒருத்தர் கயிறு பிடிக்க, அஞ்சாறு பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிஷத்துல சிப்பியை அள்ளிக்கிட்டு மேல வருவாங்க. சுறா வராம மந்திரம் சொல்றதுக்குக் கடல்கட்டின்னு தனியா ஒருத்தர். அவருக்கும் சிப்பியில பங்கு உண்டு. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. இவ்வளவு திறமை இருந்தும் அடியில மீனை விரட்டிக் குத்தற பழக்கம் ஏன் பெருசா வளரலை? தண்ணிக்குள்ள வெறுங்கண்ணைத் திறந்து பாருங்க, தெரியும். எல்லாம் கலங்கலா, விளிம்பே இல்லாம இருக்கும். நம்ம விழி காத்துல பாக்கறதுக்குப் படைச்சது. தண்ணி நேரா விழியைத் தொட்டா அதோட குவிக்கற சக்தியில பெரும்பங்கு போயிடும். சிப்பி ஓடாது, தடவி எடுத்துடலாம். மீன் நிக்குமா?

அதனால துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடி கண்ணாடி வரவேண்டியிருந்தது. 1930கள்ல பிரான்சோட தெற்குக் கடற்கரையில கை கில்பாட்ரிக்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர். பழைய விமானிக் கண்ணாடியை எடுத்து, ஓட்டையெல்லாம் புட்டி வச்சு அடைச்சு, மேல பெயின்ட் அடிச்சுக் கடலுக்குள்ள இறங்கிட்டார். கையில வெறும் ஈட்டி. 1938ல அவர் எழுதின சின்னப் புத்தகம்தான் இந்த விளையாட்டை உலகத்துக்குக் கொண்டு போச்சு. அதே கரையில குடியேறியிருந்த கிராமரெங்கோங்கற ரஷ்யர் ஸ்பிரிங் வச்ச துப்பாக்கி செஞ்சார். கொஞ்ச காலத்துல ஸ்பிரிங்கை ரப்பர் பட்டை தூக்கி அடிச்சிடுச்சு. ரப்பர் துப்பாக்கிக்குப் பிரெஞ்சுல 'அர்பலேத்'னு பேரு, அதாவது குறுக்குவில். பொருத்தமான பேர்தான். கவண்ல கல்லு விட்ட எல்லாருக்கும் அதோட தத்துவம் தெரியும்.

இப்ப மாப்ளையோட கேள்விக்கு வர்றேன். நீளம் எவ்வளவுன்னு முடிவு பண்றது மீனோட சைஸ் இல்லை, நம்ம பலமும் இல்லை. தண்ணியில எவ்வளவு தூரம் கண்ணு தெரியுதுங்கறதுதான். நீளமான துப்பாக்கியில ரப்பர் நீளமா இழுபடும், அம்பு தூரம் போகும். ஆனா மூணு மீட்டருக்கு மேல எதுவுமே தெரியாத கலங்கல் தண்ணியில 120 சென்டிமீட்டர் துப்பாக்கியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? திருப்பறதுக்குள்ள மீன் போயிடும். தண்ணிக்குள்ள நீளத் தடியைப் பக்கவாட்டுல வீசிப் பாருங்க, எவ்வளவு கனமா இருக்கும்னு. பாறை இடுக்கு, கலங்கல்னா 75. சுமாரான தெளிவுன்னா 90லிருந்து 100. ஆழ்கடல் நீலத்துல, எட்டத்துலயே நிக்கற வேகமான மீனுக்குத்தான் 110க்கு மேல.

ரப்பரா காத்தாங்கறதுக்கு என் ஓட்டு ரப்பருக்கு. காத்துத் துப்பாக்கியில, குழாய்க்குள்ள அழுத்தி வச்ச காத்து அம்பைத் தள்ளும். குட்டையா இருந்தாலும் அடி பலமா இருக்கும், அதனால பொந்துக்குள்ள சுடறவங்களுக்குப் பிடிக்கும். இத்தாலிக்காரங்களுக்கு அது மேல தனிப் பாசம். ஆனா அம்பு குழாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கறதால குறி பாக்கப் பழகணும், உள்ள ஒரு வாஷர் போச்சுன்னா அன்னைக்கு வேட்டை காலி. ரப்பர் அறுந்தா பையில இருக்கற இன்னொண்ணை மாட்டிக்கலாம். முனையில ஒத்தை முள்ளு போதும்; குத்தினதும் விரிஞ்சு மீனைப் பிடிச்சுக்கும். மூணு பல்லு சூலம் சின்ன மீனுக்குத்தான்.

இன்னொண்ணு. முகக்கண்ணாடி போட்டா எல்லாம் முக்கால்வாசி தூரத்துலயே இருக்கற மாதிரி, மூணுல ஒரு பங்கு பெருசாவும் தெரியும். புதுசா போறவங்க எட்டாத மீனைச் சுட்டுட்டுத் துப்பாக்கியைத் திட்டறது இதனாலதான். பெரிய துப்பாக்கி வாங்கினா இது தீராது. இன்னும் கிட்டப் போகக் கத்துக்கணும்.

இதெல்லாம் விட முக்கியமானது: கரையில வச்சு ரப்பரை இழுத்து மாட்டவே கூடாது, தனியா இறங்கவே கூடாது. மூச்சடக்கி மேல வர்றவங்க கடைசி சில மீட்டர்ல, ஏன் மேல வந்த பிறகும்கூட, சத்தமில்லாம மயங்கிப் போறது உண்டு. ஒருத்தர் கீழன்னா ஒருத்தர் மேல. நம்ம முத்துக்குளி ஆளுங்க கயிறு பிடிக்க ஒருத்தரை வச்சிருந்தது சும்மா இல்லை.

திரிகோணமலைன்னு சொன்னானே, கதையோட நடுப்பகுதியே அங்கதான் இருக்கு. 1950கள்ல இலங்கையில நீரடி வேட்டைக்குப் பேர் போனவர் ராட்னி ஜொன்கிளாஸ். தெகிவளை மிருகக்காட்சிசாலையில வேலை பார்த்த விலங்கியல் ஆள். 1956ல எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து இவரோட சேர்ந்தாங்க. அந்த வருஷமே வில்சன் திரிகோணமலை சுவாமிமலைக்குக் கீழ இறங்கினார். அங்க அவர் பார்த்தது மீனை மட்டும் இல்லை, செதுக்கின தூண்கள். 1624ல போர்த்துக்கீசியர் இடிச்சுக் கடல்ல தள்ளின கோணேசர் கோயில்! முந்நூறு வருஷத்துக்கு மேல நம்ம சனம் மேல நின்னு கும்பிட்ட இடத்தை, முகக்கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரர் கீழ போய்ப் படம் எடுத்துட்டு வந்தார். பின்னாடி ஒரு லிங்கமும் கடல்ல இருந்து வெளிய வந்தது. மேல கட்டின புதுக் கோயிலுக்கு 1963ல கும்பாபிஷேகம் நடந்தது. 1961ல தென்கடல்ல கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துல, சூரத்துல அச்சடிச்ச முகலாய வெள்ளி ரூபாய்க் கட்டிகளையும் வில்சன் கண்டெடுத்தார். அப்புறம் சினிமா எடுத்தார். கடைசியில எல்லாத்தையும் விட்டுட்டு சுவாமி சிவகல்கின்னு சாமியாரா போயிட்டார். யாராவது கதையா எழுதினா நம்பியிருக்க மாட்டேன்.

மத்த ஊர்க் கதையும் இதே ரூட்லதான் போகுது. கில்பாட்ரிக்கைப் பார்த்து ஈட்டி எடுத்த ஆஸ்திரியாக்காரர் ஹான்ஸ் ஹாஸ் கேமராவுக்கு மாறிட்டார். ஆஸ்திரேலியாவோட ரான் டெய்லர் 1965ல நீரடி வேட்டையில உலக சாம்பியன். அவரும் அவர் மனைவி வலேரியும் அதுக்கப்புறம் துப்பாக்கியை வச்சுட்டுப் படம் எடுக்கப் போயிட்டாங்க. தண்ணிக்குள்ள நல்லா பாக்கப் பழகினவங்க ஒவ்வொருத்தரா இப்படிப் போயிருக்காங்க.

காரணம் களவா மாதிரி மீன். பெரிய களவா ஓடாது. பொந்து வாசல்லயே நின்னு வந்தவன் யாருன்னு வேடிக்கை பாக்கும். பல களவா இனத்துல பிறக்கறது பொண்ணா, பெருசான பிறகுதான் ஆண். ஆக, இருக்கறதுலயே பெருசா பார்த்துச் சுட்டா ஒரு பாறையோட ஆண்களைக் காலி பண்றோம்னு அர்த்தம். வலைக்குப் பெருசு சிறுசு தெரியாது. துப்பாக்கிக்காரன் பார்த்துப் பொறுக்கி எடுக்கறான். அதுதான் அவன் பெருமை, மீனுக்கு அதுவே வினை. புளோரிடாவுல கோலியாத் களவாவைப் பிடிக்கறதை 1990ல தடை பண்ண வேண்டி வந்தது. நம்ம நாட்டுல ராட்சதக் களவாவை 2001ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல, புலி இருக்கற முதல் அட்டவணையில சேர்த்தாங்க.

அதனால மாப்ளைக்கு நான் அனுப்பின பதில் இது. மஸ்கட்ல என்ன சட்டம்னு அங்க மீன்வளத்துறையில கேட்டுக்கோ. அனுமதி கிடைச்சா 90 ரப்பர் வாங்கு, திங்கற அளவுக்கு மட்டும் சுடு, பெரிய களவாவை விட்டுடு. திரிகோணமலைக்கு அதைத் தூக்கிட்டுப் போகாதே, இலங்கையில துப்பாக்கி ஈட்டியால மீன் பிடிக்கறதுக்குத் தடை. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் உள்ள 21 தீவும் 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அதுக்குள்ள வேட்டை கிடையாது. முகக்கண்ணாடியை மட்டும் எடுத்துட்டு வா. கோணேசர் தூணைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு.

ரெண்டு நாள் பதிலே இல்லை. நேத்து ராத்திரி வந்தது: "மாமா, மூக்குல தண்ணி ஏறாத கண்ணாடி எது நல்லது?"

கடல்கட்டிகளைப் பத்தித் தனியாவே எழுதணும், அது பெரிய கதை. இப்ப மிளகு காயப் போட்டிருக்கேன், பண்ணைக்காடு பக்கம் இருட்டிக்கிட்டு வருது.